மாற்றார் சாட்சி
(பொட்டிப்புரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வான்போரில் ஒரு விமானி காட்டிய வீரத்துக்கு யாருடைய சாட்சியை நம்புவது என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள். என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடன் பறந்தவர் சொல்வதைவிட, கட்டளையிட்ட தலைவர் எழுதுவதைவிட, எதிரே நின்று சுட்டவர் ஒப்புக்கொள்வதுதான் பல நேரங்களில் கனமான சாட்சி. ஆகவே தன் வீரரை முழுதாக மதிக்க விரும்பும் நாடு, மாற்றார் சொல்வதைத் தேடிப்போய்க் கேட்கும் ஏற்பாட்டையும் வைத்திருக்க வேண்டும். இது சிலருக்கு விபரீதமாகப் படலாம். தேசப்பற்றுக்குக் குறைவு என்றுகூடத் தோன்றலாம். ஆனால் சான்று எது என்ற கேள்வி பொட்டிப்புரத்துக்குப் புதிதல்ல. வெளியூரில் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் நியூட்ரினோவா என்றுதான் கேட்கிறார்கள். பெரும்பாலும் தடமே விடாமல் எல்லாவற்றையும் ஊடுருவிப் போகும் ஒரு துகளைப் பார்க்க, அம்பரப்பர் மலைக்குள் 50,000 டன்னுக்கு மேல் இரும்பை அடுக்கலாமா கூடாதா என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடிய ஊர் இது. அந்த வழக்கின் நியாயத்துக்குள் நான் போகவில்லை. கண்ணுக்குப் படாத ஒன்றை எதைக்கொண்டு மெய்ப்பிப்பது என்று யோசித்துப் பழகிய அவை என்பதற்காகச் சொன்னேன்.

நம் பழைய வழக்கத்திலிருந்து தொடங்குவோம். இதே தேனி மாவட்டத்தில், ஆண்டிப்பட்டி வட்டத்தில், வைகைப் படுகையில் இருக்கிறது புலிமான்கோம்பை. 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக் குழு அங்கே மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தது. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்தவை. எழுத்துடைய நடுகற்களில் காலத்தால் மிக முந்தியவை என்று கருதப்படுபவை. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் மாண்ட தீயன் அந்தவன் என்பவனுக்கு நட்ட கல். ஆள், ஊர், நடந்தது என்ன, அவ்வளவுதான் கல்லில் இருக்கிறது. எத்தனை பேரை வீழ்த்தினான் என்ற கணக்கு இல்லை. சிங்கம், புலி என்ற அடைமொழி இல்லை. இவ்வளவு சிக்கனமாக எழுத அவர்களால் எப்படி முடிந்தது? ஊரே பார்த்த சண்டை என்பதால் முடிந்தது என்று நினைக்கிறேன். மாடு கவரப்பட்டதும் ஊருக்குத் தெரியும், போனவன் திரும்பாததும் தெரியும். சாட்சிகள் கல்லைச் சுற்றியே நின்றார்கள். அவர்களுக்கு மெய்ப்பித்துக் காட்ட வேண்டிய தேவை எழவில்லை.

வானத்தில் அந்த வசதி கிடையாது. ஒற்றை ஆள் ஓட்டும் போர் விமானத்தில் பக்கத்தில் யாரும் இல்லை. எதிரிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று வானொலியை அடைத்துவைத்துப் பறப்பார்கள். ஆகவே குரலும் இல்லை. பீரங்கியோடு இணைந்த கேமராவின் படச்சுருள் விமானத்தோடு எரிந்துபோகும். கூடப் போனவரோ ஒரு நொடி திரும்பிப் பார்த்தால் அடுத்த நொடி எங்கோ இருப்பார். நேர்மையான கண்கள்கூட அங்கே எவ்வளவு ஏமாறும் என்பதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு 1940 செப்டம்பர் 15. அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டன் அறிவித்தது. போருக்குப் பின் ஜெர்மன் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது அது ஏறத்தாழ 60தான் என்று தெரிந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டு, மூவரும் தம் கணக்கில் எழுதினார்கள். புகை கக்கிக்கொண்டு தாழ்ந்தது மேகத்துக்குக் கீழே நிமிர்ந்து ஊர்போய்ச் சேர்ந்தது. சரியான எண்ணிக்கை எதிரியின் பேரேட்டில்தான் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். குடகைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்யா தேவய்யாவின் கதை இந்த வாதத்தின் நடுத்தூண். 1965 செப்டம்பர் 7 அதிகாலை, பஞ்சாபின் ஆதம்பூர் தளத்திலிருந்து முதலாம் ஸ்குவாட்ரனின் மிஸ்டேர் விமானங்கள் பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கக் கிளம்பின. தலைமை விங் கமாண்டர் ஓ.பி. தனேஜா. தேவய்யா அந்தப் பட்டியலில் மாற்று ஆள். யாராவது பின்வாங்க நேர்ந்தால் மட்டும் சேர வேண்டியவர். ஒரு விமானம் விலகியது, அவர் சேர்ந்தார். சர்கோதா என்பது மிஸ்டேருக்கு எட்டக்கூடிய தூரத்தின் விளிம்பில் இருந்தது. போய்க் குண்டு போட்டுவிட்டு நேரே திரும்பத்தான் எரிபொருள். வழியில் சண்டைக்கு நின்றால் வீடு வந்து சேர முடியாது. இந்தக் கணக்கு எல்லா விமானிகளுக்கும் தெரியும். மற்றவர்கள் திரும்பினார்கள். தேவய்யா திரும்பவில்லை. ஆவணத்தில் அவர் பெயருக்கு எதிரே காணவில்லை என்று எழுதினார்கள். அதற்கு மேல் எழுத எவரிடமும் ஒன்றும் இல்லை. 22 ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அந்தச் சொல்லோடுதான் இருந்தார்.

அன்று நடந்ததை உலகம் அறிந்தது எதிர்ப்பக்கத்து வழியாக. பாகிஸ்தான் விமானப்படையின் ஆதரவோடு எழுதி 1979இல் ஜான் ஃப்ரிக்கர் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் வெளியிட்ட 1965 வான்போர் நூலில், ஒரு ஸ்டார்ஃபைட்டர் விமானத்தை ஓர் இந்திய மிஸ்டேர் வீழ்த்திய செய்தி வந்தது. ஸ்டார்ஃபைட்டரை ஓட்டியவர் ஃப்ளைட் லெஃப்டினன்ட் அம்ஜத் ஹுசைன். ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் பறக்க வல்ல அமெரிக்க விமானம் அது. மட்டப் பறப்பில் ஒலிவேகத்தைத் தொடாத மிஸ்டேர் அதனிடமிருந்து ஓடித் தப்ப முடியாது. அம்ஜத் முதலில் ஏவுகணையை ஏவினார், அது தரையில் போய் விழுந்தது. பிறகு பீரங்கியால் சுட்டார், மிஸ்டேர் அடிபட்டது. அடிபட்டதும் அது விழுந்துவிடவில்லை. சேதப்பட்ட விமானத்தைத் திருப்பி, தாழ்ந்த உயரத்தில் ஸ்டார்ஃபைட்டரோடு மல்லுக்கட்டி, தன் 30 மில்லிமீட்டர் பீரங்கிகளால் அதை வீழ்த்தினார் அந்த மிஸ்டேரின் விமானி. அம்ஜத் பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினார். மிஸ்டேர் ஊர் திரும்பவில்லை. அன்றைய தாக்குதலில் திரும்பாத மிஸ்டேர் விமானி யார் என்று இந்தியப் பதிவேட்டைப் பார்த்தபோது விடை கிடைத்தது. தனேஜா அரசுக்கு எழுதி வற்புறுத்தினார். 1988 ஏப்ரலில் தேவய்யாவுக்கு மகாவீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. அவருடைய மனைவி அதைப் பெற்றுக்கொண்டார்.

இந்தச் சாட்சியை நான் ஏன் கனமானது என்கிறேன்? நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒருவர் தம் நலனுக்கு மாறாகச் சொன்ன சொல்லுக்கு மதிப்புத் தரலாம். யாரும் தமக்குக் கேடு தரும் பொய்யைச் சும்மா சொல்வதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவு இதே அடிப்படையில்தான் இறந்தவர்களின் சில வாக்குமூலங்களை ஏற்றது. ஸ்டார்ஃபைட்டர் அன்று பாகிஸ்தான் விமானப்படையின் பெருமைப் பொருள். பழைய, மெதுவான, அதிலும் ஏற்கெனவே அடிபட்ட ஒரு விமானம் அதை வீழ்த்தியது என்று ஒப்புக்கொள்வதில் யாருக்கும் ஆதாயம் இல்லை. ஸ்டார்ஃபைட்டர் விழுந்ததற்கு வேறு விளக்கங்களும் உலவின என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த விளக்கங்கள் ஓட்டியவரின் மானத்தைக் காப்பவை. மற்றது அதைக் குறைப்பது. இரண்டில் எதை நம்புவது என்று கேட்டால், குறைப்பதைத்தான் என்பேன்.

இது இந்தியாவில் மட்டும் நிகழ்ந்த அபூர்வமல்ல. இரண்டாம் உலகப் போரில், 1943 ஆகஸ்ட் 11 அன்று, மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் நியூசிலாந்துக்காரரான ஃப்ளையிங் ஆஃபிசர் லாய்ட் டிரிக் தம் லிபரேட்டர் விமானத்தோடு யூ-468 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியைத் தாக்கினார். நீர்மூழ்கியின் பீரங்கிகள் விமானத்தில் தீ மூட்டின. டிரிக் அப்போதே விலகிக் கடலில் இறக்கியிருக்கலாம், விலகவில்லை. எரிந்துகொண்டே நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்ந்து வந்து குண்டுகளைப் போட்டுவிட்டு, அப்பால் போய்க் கடலில் விழுந்தார். விமானத்தில் இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நீர்மூழ்கியும் மூழ்கியது. அதில் உயிர் பிழைத்த ஏழு பேர் லிபரேட்டரிலிருந்து மிதந்து வந்த ரப்பர் படகில் ஏறித் தப்பினார்கள். அவர்களை மீட்ட பிரிட்டிஷாரிடம் நீர்மூழ்கியின் தலைவர் கிளெமன்ஸ் ஷாமோங் நடந்ததைச் சொன்னார். பகைவரின் சொல்லை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு, அதே ஆண்டு நவம்பர் 2 அன்று டிரிக்குக்கு விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. அவர் பறந்த 200ஆம் ஸ்குவாட்ரன் அடுத்த ஆண்டு சென்னைப் பரங்கிமலைக்கு வந்து வங்கக் கடலைக் காவல் காத்தது என்பது நம் பக்கத்து வரலாற்றில் அதிகம் பேசப்படாத துணுக்கு.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். மாற்றான் புகழ்ந்தால் அது தன்னைப் புகழ்ந்துகொள்வதாகவும் இருக்கலாம் அல்லவா? வலியவனை வென்றேன் என்று சொன்னால் வென்றவன்தானே உயர்கிறான்? சரியான கேள்வி. ஃப்ளையிங் ஆஃபிசர் நிர்மல்ஜித் சிங் சேகோன் வழக்கில் இது நேரடியாகவே வருகிறது. 1971 டிசம்பர் 14 அன்று பெஷாவரிலிருந்து வந்த ஆறு சேபர் விமானங்கள் ஸ்ரீநகர் விமானத்தளத்தைத் தாக்கின. 18ஆம் ஸ்குவாட்ரனின் சேகோன், ஓடுதளத்தில் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே தம் சிறிய நாட் விமானத்தை மேலே கிளப்பினார். முன்னால் கிளம்பிய ஃப்ளைட் லெஃப்டினன்ட் குமன் அந்தப் புழுதியிலும் புகையிலும் இவரைத் தவறவிட்டார். சேகோன் தனியாள் ஆனார். ஒருபுறம் மேற்கு மலையும் மறுபுறம் மேகமலையும் நிற்கும் கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: மலைகளுக்கு நடுவே தாழப் பறப்பவருக்குத் திரும்பிக்கொள்ளவும் இடம் குறைவு, தப்பிக்கவும் இடம் குறைவு. கடைசியில் அவருடைய விமானம் மலைப்பள்ளத்தில் விழுந்தது, உடல் கிடைக்கவில்லை. அவரைச் சுட்டு வீழ்த்திய சலீம் பேக் மிர்ஸா பிற்காலத்தில் சேகோனின் துணிவைப் பாராட்டி எழுதினார். இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே ஒருவர் சேகோன்.

மிர்ஸாவின் பாராட்டை அம்ஜத்தின் ஒப்புதலுக்குச் சமமாக நான் வைக்க மாட்டேன். அது வென்றவரின் பெருந்தன்மை. இது தோற்றவரின் ஒப்புதல். எடை வேறு. சேபர்களுக்கு என்ன சேதம் என்பதில் இரு தரப்புக் கணக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. ஆனால் இரு தரப்பும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. குண்டு விழும் ஓடுதளத்திலிருந்து ஒருவர் எழும்பினார். எண்ணிக்கையில் மிகுந்த எதிரிகளோடு தனியாக நின்று போரிட்டார். இதைத் தரையில் நின்றவர்களும் பார்த்தார்கள், வானில் எதிர்த்தவர்களும் பார்த்தார்கள். வீரம் என்று நாம் சொல்லத் தகுந்தது இந்தப் பொதுப் பகுதிதான். சேபர் எரிந்ததா, துளைபட்டு ஊர் போய்ச் சேர்ந்ததா என்பது போர்க்கணக்கு; சேகோனின் துணிவு அந்தக் கணக்கைப் பொறுத்து ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. அவருடைய 18ஆம் ஸ்குவாட்ரன் 2020இல் தேஜஸ் விமானங்களோடு கோவை சூலூரில் மறுபிறவி எடுத்தது. இங்கிருந்து சூலூர் போகும் மாணவர்கள் சேகோனின் பெயரை நினைத்துக்கொள்ளலாம்.

எண்ணிக்கையை நம்பி வீரத்தை அளந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தேவய்யா மறைந்த அதே நாளே சான்று தருகிறது. அதே செப்டம்பர் 7, அதே சர்கோதா வானம். அங்கே பாகிஸ்தான் விமானி முகமது மஹ்மூத் ஆலம் ஒரு நிமிடத்துக்குள் ஐந்து இந்திய ஹன்ட்டர் விமானங்களை வீழ்த்தினார் என்பது பாகிஸ்தான் குழந்தைகள்கூட அறிந்த கதை. இந்தியப் பதிவுகள் அந்த ஐந்தை ஏற்கவில்லை. ஆனால் ஆலம் அன்று இந்திய விமானங்களை வீழ்த்தினார் என்பதை இந்திய வரலாற்றாசிரியர்கள் மறுப்பதும் இல்லை. இப்போது அவரைப் பற்றி நம்பத் தகுந்த செய்தி எது? அவருடைய நாடு சொல்லும் ஐந்தா, எதிரி நாடு தன் இழப்பாக ஒப்புக்கொள்வதா? அளவுகோல் நமக்கொன்று, அவர்களுக்கொன்று என்று இருக்க முடியாது. மாற்றார் சாட்சி என்பது நம் வீரர்களைத் தூக்கிப்பிடிக்க மட்டும் உதவும் கருவி அல்ல. அவர்களுடைய வீரரின் உண்மையான அளவையும் நம் ஏடுகள்தான் காட்டுகின்றன.

அண்மைக் காலத்து வழக்கு ஒன்றையும் இதே தராசில் வைத்துப் பார்க்கலாம். 2019 பிப்ரவரி 27. விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான். பூர்வீகம் காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பனமூர். அவர் தம் மிக்-21இல் இருந்து ஒரு எஃப்-16ஐ வீழ்த்தினார் என்பது இந்தியாவின் நிலைப்பாடு. இல்லவே இல்லை என்பது பாகிஸ்தானின் நிலைப்பாடு. அவருக்கு வழங்கப்பட்ட வீர் சக்ரா முந்திய நிலைப்பாட்டின்மேல் நிற்கிறது. ஆனால் அவர் எல்லைக்கு அப்பால் பாராசூட்டில் இறங்கிய பிறகு நடந்தவற்றைப் பாகிஸ்தானின் டான் நாளிதழ் அங்குள்ள ஊர்க்காரர்கள் வாயிலாகவே வெளியிட்டது. கல்லெறியும் இளைஞர்கள் துரத்த, வானை நோக்கிச் சுட்டுக்கொண்டே ஓடி, ஒரு சிறு குட்டையில் குதித்து, சட்டைப்பையில் இருந்த தாள்களில் சிலவற்றை விழுங்கவும் சிலவற்றை நீரில் கரைக்கவும் முயன்றார் என்பது அந்தச் செய்தி. பிடிபடப்போவது உறுதி என்று தெரிந்த ஒருவர் அந்தச் சில நிமிடங்களை எதற்குச் செலவிட்டார் என்பதை எதிரி நாட்டுச் செய்தித்தாள் பதிவுசெய்திருக்கிறது. என்னைக் கேட்டால், எஃப்-16ஐவிட அந்தக் குட்டைதான் அவருடைய துணிவுக்கு மறுக்க முடியாத சான்று. தொலைக்காட்சிகள் இதைப் பெரிதாகப் பேசாமல் மீசையைப் பற்றிப் பேசியது வேறு விஷயம்.

இரண்டாவது மறுப்பு மானம் சார்ந்தது. நம் வீரனுக்கு நாம் தரும் விருதுக்குப் பாகிஸ்தானின் கையெழுத்து வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டியதில்லை. விருதைத் தருவது நாம்தான். தகவல் மட்டுமே அங்கிருந்து வருகிறது. இந்தப் போக்குவரத்து ஒருவழிப் பாதையும் அல்ல. 1999 கார்கில் போரில் டைகர் ஹில் பகுதியில் இறந்த பாகிஸ்தான் கேப்டன் கர்னல் ஷேர் கானின் உடலை ஒப்படைக்கும்போது, அவர் துணிந்து போரிட்டார் என்று எழுதிய சீட்டை அவர் சட்டைப்பையில் வைத்தனுப்பியவர் இந்தியப் பிரிகேடியர் எம்.பி.எஸ். பாஜ்வா. பாகிஸ்தான் தன் மிக உயர்ந்த விருதான நிஷான்-இ-ஹைதரை ஷேர் கானுக்கு வழங்கியது. அந்தச் சீட்டால் நம் தரப்பு வெற்றி எந்த வகையில் குறைந்தது? தமிழ் மரபுக்கும் இது அயலானதல்ல. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனைப் பாடிய வெண்ணிக் குயத்தியார், தோற்று முதுகில் புண்பட்டு வடக்கிருந்த சேரனை, வென்றவனினும் நல்லவன் என்று அந்த வென்ற மன்னனை நோக்கியே பாடினார். பரணி நூலுக்குத் தோற்றவர் பெயரைச் சூட்டுவதும் நம் மரபுதான்.

மூன்றாவது மறுப்பை நான் இவற்றைவிட மதிக்கிறேன். போர்வீரத்தை இப்படி அலசுவதே போரைக் கொண்டாடுவதாகாதா? ஆகலாம், எப்படி அலசுகிறோம் என்பதைப் பொறுத்தது. போர்வெறியை வளர்ப்பது வீரத்தின் உண்மையல்ல, வீரத்தின் மிகை. மிகைக்கு எதிரி முகமற்றவனாக இருக்க வேண்டும். கோழையாக, கொடியவனாக, சுட்டால் விழும் பொம்மையாக. தேவய்யாவின் வரலாற்றைத் தழுவி 2025இல் வந்த ஸ்கை ஃபோர்ஸ் போன்ற இந்தித் திரைப்படங்கள் இந்த மிகையிலிருந்து முற்றிலும் தப்ப முடியாது. அவை வணிகச் சரக்குகள். மாற்றார் சாட்சியை ஏற்கும் இடத்திலோ எதிரிக்கு ஒரு முகம் வந்துவிடுகிறது. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லக்கூடிய, தன் தோல்வியை ஒப்புக்கொள்ளக்கூடிய மனிதராக அவரை ஏற்காமல் அவருடைய சாட்சியை நாம் பயன்படுத்தவே முடியாது. ஒரு குறையை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எதிரியும் இறந்துபோனால், அல்லது எழுதாமல் விட்டால், அந்த வீரம் யாருக்கும் தெரியாமலே போகும். இந்த வழி பிழைத்திருக்கும் எதிரியை வாய்க்கப்பெற்றவர்களுக்கே உதவுகிறது. மற்றவர்களுக்குத் தீயன் அந்தவனின் கல்லைப்போல் பெயரும் ஊரும் நிகழ்ச்சியும் மட்டும் எழுதி நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. வெற்றிடத்தைப் புகழால் நிரப்பக் கூடாது.

ஆனால் பிழைத்திருந்த எதிரியையும் கேட்காமல் விட்டால் அதற்கு என்ன சமாதானம்? டிரிக்கின் வழக்கில் தாக்குதலுக்கும் விருதுக்கும் இடையே மூன்று மாதம்கூட இல்லை. பிடிபட்ட ஷாமோங்கை விசாரித்தவர்கள் அவர் சொன்னதை உரிய இடத்துக்குக் கொண்டுபோனார்கள். தேவய்யாவை எதிர்த்துப் போரிட்ட அதே அம்ஜத் ஹுசைன், 1971 டிசம்பர் 5 அன்று அமிர்தசரஸ் ரேடாரைத் தாக்க வந்தபோது சுடப்பட்டு, பாராசூட்டில் இறங்கி, இந்தியாவின் போர்க்கைதியானார். விடை தெரிந்த ஒரே மனிதர் நம் காவலில் இருந்தார். அப்போது தேவய்யாவின் கோப்பில் காணவில்லை என்ற சொல்தான் இருந்தது, அதற்குப் பிறகும் 16 ஆண்டுகள் அது மாறவில்லை. பெயர், பதவி, பிறந்த நாள், படை எண் தவிர வேறெதையும் சொல்லப் போர்க்கைதி கடமைப்பட்டவரல்லர் என்கிறது 1949 ஜெனிவா ஒப்பந்தம். ஆனால் உங்களை வீழ்த்தியவர் எப்படிப் போரிட்டார் என்று கேட்பதையும், அதற்கு அவர் விரும்பி விடை சொல்வதையும் எந்த ஒப்பந்தமும் தடுக்கவில்லை.

ஏற்பாடு என்று நான் தொடக்கத்தில் சொன்னது பெரிய செலவுள்ள காரியமல்ல. போர்க்கைதி விசாரணையில் அந்த ஒரு கேள்வி. எதிர்த்தரப்பு நூல்களையும் நினைவுக் குறிப்புகளையும் படித்து, காணாமல்போனோர் பட்டியலோடு ஒப்பிடும் ஒரு சிறு பிரிவு. நம் பதிவேடுகளை உரிய காலத்தில் திறந்துவைப்பது. கடைசியாகச் சொன்னதற்குப் பாதி வழி பிறந்துவிட்டது. பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூனில் ஏற்ற கொள்கையின்படி போர்ப் பதிவேடுகளைப் பொதுவாக 25 ஆண்டுகளில் வெளிப்படையாக்க வேண்டும். கார்கில் போருக்கு அந்த 25 ஆண்டு 2024இல் நிறைந்தது. அந்தப் போரில், 1999 மே 27 அன்று, இயந்திரம் நின்றுபோய்க் குதித்த சக விமானி நச்சிகேதாவைத் தேடி, எதிரியின் ஏவுகணைக்கு எட்டும் வானத்தில் ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹுஜா தம் மிக்-21இல் வட்டமிட்டார். அவருடைய விமானம் வீழ்த்தப்பட்டது. நச்சிகேதா எட்டு நாளில் உயிரோடு திரும்பினார். அஹுஜாவின் உடல்தான் வந்தது. வீர் சக்ரா வழங்கப்பட்டது. தரையிறங்கிய பின் அவருக்கு நேர்ந்தது என்ன என்பதற்குச் சாட்சி சொல்லக் கூடியவர்கள் எல்லைக் கோட்டுக்கு அப்பால் இருக்கிறார்கள். இருபதுகளில் அந்த மலையில் நின்றிருந்தவர்கள் இப்போது ஐம்பதை ஒட்டியிருப்பார்கள். கேட்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது.